யாழ்ப்பாணத்தில ஊரோட ஒத்துப்போகாத பேப்பருகள்: ஆர் எழுதினது, ஆர் அடிச்சுக் குடுத்தது?

திருநெல்வேலிப் பெடியன் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் இஞ்சை கம்பஸில ஊடகம் படிக்கிறன், கடைசி வருசம். ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டு போகேக்கை அமெரிக்காவில 60களில வந்த தலைமறைவுப் பேப்பருகளைப் பற்றி வாசிச்சனான். அதில அட்லாண்டாவில 1968இல தொடங்கின 'த கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' எண்ட பேப்பரின்ர கதை மனசைப் பிடிச்சிட்டுது. கோயிலும் குடும்ப கௌரவமுமா இருக்கிற தெற்குப் பக்க ஊர், அதுக்குள்ள இருந்துகொண்டு வியட்நாம் யுத்தம் வேண்டாம் எண்டும் கறுப்பாக்களுக்கு உரிமை குடு எண்டும் எழுதியிருக்கினம், 1972இல அவையின்ர ஒபிசுக்கு நெருப்புக் குண்டும் எறிஞ்சிருக்கு, அதுக்குப் பிறகும் பேப்பர் வந்திருக்கு.

இதை வாசிச்சதில இருந்து ஒரே யோசினை, எங்கட ஊரிலயும் இப்பிடி இருந்திருக்கத்தானே வேணும்? சாதி, சீதனம், கோயில், பள்ளிக்கூடப் பெருமை எண்டு இவ்வளவு இறுக்கமான இடத்தில ஆரோ ஒருத்தர் இதெல்லாம் பிழை எண்டு அச்சில போட்டிருப்பினம் எல்லே. ஆனா பத்திரிகை வரலாறு எண்டு கேட்டால் எல்லாரும் 1841 உதயதாரகை, பிறகு இந்து சாதனம், ஈழகேசரி, ஈழநாடு, உதயன் எண்டு வரிசையாச் சொல்லிட்டு நிப்பாட்டினம். அந்த வரிசைக்கு வெளியில என்ன இருந்தது? ஆர் எழுதினவை, எங்க அடிச்சவை, எப்பிடிச் சனத்திட்டப் போனது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, சின்ன விசயம் எண்டாலும் காணும்.

வண்ணை ஆசிரியர்:

தம்பி, நல்ல கேள்வி. நான் ஓய்வு பெற்ற வாத்தியார், வாசிப்புக்குள்ள வந்தது 60களின்ர கடைசியில. அமெரிக்காப் பெடியள் நீட்டுத் தலைமயிரும் பாட்டுமா வீட்டை எதிர்த்தவை, யாழ்ப்பாணத்தில எதிர்க்கிறதெண்டால் முதலாவது சாதியைத்தான் எதிர்க்க வேணும், அதைத் தொடாமல் மற்றதை எழுதின பேப்பரை ஊர் ஒண்டும் செய்யேல்லை.

முதல் ஆக்கள் எண்டு பார்த்தால் வாலிப காங்கிரஸ். 1924இல தொடங்கினது, ஹண்டி பேரின்பநாயகம் மாதிரி ஆக்கள் நிண்டவை, 1927இல காந்தியை இஞ்சை கூப்பிட்டவை, 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்க வைச்சவை. எல்லாரும் ஒரே பந்தியில இருந்து சாப்பிட வேணும் எண்டு அந்தக் காலத்திலேயே நிண்டவை, அதுக்கு ஊர் அவையைப் பேசாத பேச்சில்லை. ஆனா அவை பெரும்பாலும் இங்கிலிஸ் படிச்ச ஆக்கள். கீழ இருந்து வந்த குரல் எண்டால் நான் மல்லிகை சஞ்சிகையைத்தான் சொல்லுவன்.

டொமினிக் ஜீவா முடி வெட்டுற குடும்பத்தில பிறந்தவர், சின்ன வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். கஸ்தூரியார் வீதியில ஜோசப் சலூன், அதுக்குள்ள இருந்துதான் 1966 ஆகஸ்டில மல்லிகை வந்தது. இதின்ர பாரம் இப்ப உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அந்த நாளில தேத்தண்ணிக் கடையில சில ஆக்களுக்குக் கிளாஸ் குடுக்காயினம், போத்தில்லதான் ஊத்திக் குடுப்பினம். கோயில் உள் வீதியைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். பண்டிதர்மார் கொஞ்சப் பேர் இந்த எழுத்தை எல்லாம் இழிசனர் இலக்கியம் எண்டு மேடையிலயே சொல்லிக்கொண்டு திரிஞ்ச காலம். அப்ப ஒரு சலூன்காரர் ஆசிரியரா இருந்து மாசாமாசம் புத்தகம் போடுறார், கட்டைக் கையில வைச்சுக்கொண்டு றோட்டில நிண்டு தானே விக்கிறார். அட்டைப்படத்தில சாமி படமும் இல்லை, நடிகையும் இல்லை, உயிரோட இருக்கிற எங்கட எழுத்தாளற்றை படம். செத்த பிறகு மாலை போடுற ஊரில அது புதுசு.

மல்லிகை வந்து ரெண்டு மாசத்தில, 1966 ஒக்டோபர் 21, சுன்னாகத்தில இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் வெளிக்கிட்டுப் பொலிஸ் அடிச்சது. 1968இல மாவிட்டபுரம் கோயில் வாசலில, உள்ளுக்க விடச் சொல்லிப் போராட்டம். இந்தக் காலம் முழுக்கத் துண்டுப் பிரசுரம் எண்டது கட்டுக்கட்டா வந்தது, நீங்கள் தேடுற சாமான் அதுதான் எண்டு நினைக்கிறன். அதில கனக்க மிஞ்சேல்லை, வாசிச்சு முடிய அடுப்புக்குள்ள போட்டிடுவினம், வீட்டில பிடிபட்டால் கரைச்சல் எண்டபடியால்.

மல்லிகை தலைமறைவு இல்லை, விலாசம் போட்டு வெளிப்படையா வந்தது. அப்பிடி விலாசம் போட்டதுதான் துணிவு எண்டு நான் சொல்லுவன். பிறகு கொழும்புக்குப் போய் 2012 வரைக்கும் வந்து 400 இதழைத் தாண்டினது. மனுசன் 2021இல கண்ணை மூடினார்.

ஈயஎழுத்து:

நான் எழுத்தாளனும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. என்ர ஐயா ரவுணுக்க ஒரு அச்சகத்தில எழுத்துக் கோக்கிற கொம்பொசிற்றர், அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்துக் குடுத்து அங்கையே வளந்த ஆள். தம்பி 'எங்க அடிச்சவை' எண்டு கேட்டதைப் பார்த்தவுடன எழுதாமல் இருக்கேலாமல் போச்சு, ஏனெண்டால் எல்லாரும் ஆர் எழுதினது எண்டுதான் கேப்பினம், ஆர் அடிச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.

அமெரிக்காவில அந்தப் பேப்பருகள் அவ்வளவு கெதியாப் பரவினதுக்கு ஒரு காரணம் ஓப்செற். தட்டெழுத்தில அடிச்சு, படத்தை ஒட்டி, கையால கீறிக் குடுத்தால் அப்பிடியே பிளேற் எடுத்து ஆயிரக்கணக்கில அடிச்சுத் தருவாங்கள், செலவும் குறைவு. எங்களிட்ட 80களிலயும் சின்ன அச்சகம் எல்லாத்திலயும் ஈய எழுத்துத்தான். ஒரு பக்கம் எண்டால் என்ன எண்டு சொல்லுறன். மரப் பெட்டி, அதுக்குள்ள சின்னச் சின்ன அறை, ஒவ்வொரு அறையிலயும் ஒவ்வொரு எழுத்து. தமிழுக்கு இங்கிலிஸ் மாதிரி 26 காணாது, கு, கூ, மு, மூ எல்லாத்துக்கும் தனித்தனி எழுத்து வேணும். ஐயா இடக்கையில எழுத்து அடுக்கிற தட்டு, ஸ்ரிக் எண்டு சொல்லுறது, அதைப் பிடிச்சுக்கொண்டு வலக்கையால ஒவ்வொண்டாப் பொறுக்கி அடுக்குவார், கண் கையெழுத்துப் பிரதியில, கை பெட்டிக்குள்ள, பெட்டியைப் பார்க்கவே மாட்டார். எழுத்தெல்லாம் கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறித்தான் இருக்கும். வரி நிரம்ப இடைவெளிக்கு ஈயத் துண்டு வைச்சு இறுக்கி, பக்கம் முடிய நூலால சுத்திக் கட்டி, மை உருட்டிப் புரூஃப் எடுத்து, பிழை திருத்தி, பிறகு இரும்புச் சட்டத்துக்குள்ள பூட்டித்தான் மெசினில ஏத்துறது. காலால மிதிக்கிற மெசின், ஒவ்வொரு தாளாக் கையால குடுத்து எடுக்க வேணும், ஒரு கணம் பிந்தினால் விரல் போயிடும். நாலு பக்கம் முடிக்கிறதுக்குள்ள 'ன்' எழுத்துத் தீந்திடும், அப்ப அடிச்சு முடிஞ்ச பக்கத்தைப் பிரிச்சு எழுத்துகளைத் திரும்பப் பெட்டியில போட்டிட்டுத்தான் மிச்சம் கோக்கலாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, இதை ஒளிச்சுச் செய்யேலுமே? கோக்கிற ஆளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரியும், முதலாளிக்குத் தெரியும், மிதிக்கிற பெடியனுக்குத் தெரியும், இரவில மெசின் ஓடினால் அடுத்த வீட்டுக்கும் கேக்கும். அச்சடிக்கிறதில அச்சகத்தின்ர பேரும் விலாசமும் போட வேணும் எண்டு சட்டம் வேற. போடாமல் விட்டாலும் தப்பேலாது, ஒரு மூலை உடைஞ்ச 'ற' எந்த அச்சகத்தில இருக்கு எண்டு தொழில் தெரிஞ்சவனுக்குப் பார்த்தவுடன விளங்கும். அதால ஐயா அப்பிடியான வேலை வந்தால் புது எழுத்து மட்டும் எடுத்துக் கோப்பார், அடிச்சு முடிஞ்ச அண்டிரவே பிரிச்சுப் பெட்டியில போட்டிடுவார், விடியப் பார்த்தால் மேசையில கலியாணக் காட்டுத்தான் கிடக்கும். அதுக்கு மேல தேவையெண்டால் றோணியோ எண்ட படியெடுக்கிற மெசின். தட்டெழுத்தில ஸ்ரென்சில் வெட்டி அறைக்குள்ள வைச்சுச் சுத்தலாம், சத்தமும் இல்லை, எரிச்சால் அடையாளமும் இல்லை. ஆனா தாள் மங்கிப்போகும், இப்ப கிடைச்சாலும் பாதி வாசிக்கேலாது.

எழுதினவை கனபேர் வெளிநாடு போட்டினம், பேர் இருக்கு, நினைவுக் கூட்டம் இருக்கு. அடிச்சுக் குடுத்த ஆக்களின்ர பேர் எந்த வரலாற்றிலயும் இல்லை. தம்பி, உங்கட ஆய்வில அவைக்கு ஒரு அத்தியாயம் வையுங்கோ, இதை நான் கெஞ்சித்தான் கேக்கிறன்.

குருநகர் ரொறன்ரோ:

ஈயஎழுத்து அண்ணை சொன்னது அப்பிடியே உண்மை, அதுக்கு ஆதாரமா ஒரு சம்பவம் எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் பத்திரிகை வரலாறா அதைப் பார்க்கிறேல்லை. 1982 ஜனவரி 2, யாழ்ப்பாணம் சித்திரா அச்சகம். புளொட் இயக்கத்தின்ர சுந்தரம் 'புதியபாதை' எண்ட பேப்பரை வெளியில கொண்டு வந்துகொண்டிருந்தவர், அதின்ர அச்சு அலுவலா அங்கை நிக்கேக்கை புலிகள் சுட்டது. அதுக்கு முதல் பேப்பருக்கு ஆமி பொலிஸ்தான் எதிரி எண்டு இருந்தது, அண்டைக்குப் பிறகு எங்கட ஆக்களே எண்ட பயம் அச்சகத்துக்குள்ள வந்திட்டுது. அப்ப ரவுணில இருந்த எந்த அச்சக முதலாளிக்கும் அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும் எண்டு யோசியுங்கோ.

அதே மாசம் 30ஆம் திகதிதான் 'சற்றர்டே ரிவியூ' முதல் இதழ். இங்கிலிஸ் வாரப்பேப்பர், ஆசிரியர் எஸ். சிவநாயகம். அதுக்கு முந்தின வருசம், 1981 ஜூன் முதலாம் திகதி இரவோட நூல்நிலையமும் 97,000 புத்தகமும் ஈழநாடு ஒபிசும் பூபாலசிங்கம் புத்தகக்கடையும் எரிஞ்சு போன ஊரில இருந்து, கொழும்புக்கும் வெளியாருக்கும் விளங்குற பாசையில இஞ்சை நடக்கிறதை எழுத வேணும் எண்டு தொடங்கினது. 1983 ஜூலை 1இல அரசாங்கம் அதைச் சீல் வைச்சது, மூண்டு கிழமையில கலவரம். சிவநாயகம் இந்தியாவுக்குப் போட்டார். 1984இல பேப்பர் திரும்பி வரேக்கை ஆசிரியர் காமினி நவரத்ன, ஒரு சிங்களவர், யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு நடத்தினவர், அரசாங்கத்தையும் கேள்வி கேட்டவர் இயக்கங்களையும் கேள்வி கேட்டவர். இவரைப் பற்றி இன்னும் கனக்க எழுதப்பட வேணும்.

தமிழில எண்டால் 'அலை' சஞ்சிகையை விடாதேங்கோ. 1975இல தொடங்கினது, அ. யேசுராசா எங்கட குருநகர் ஆள். மல்லிகைப் பக்கம் கட்சி சார்பா நிண்டது, அலை வந்து நல்ல எழுத்துக்குக் கட்சி முத்திரை அளவுகோல் இல்லை எண்டு சொன்னது, அதால முற்போக்கு ஆக்களிட்டயும் பேச்சு வாங்கினது. பழமைக்காரரும் திட்ட, புரட்சிக்காரரும் திட்ட நடுவில நிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. தெல்லிப்பழை மகாஜனாவில படிச்ச பெடியள் 80இல 'புதுசு' கொண்டு வந்தவை, அதையும் பாருங்கோ.

கொழும்புத்துறை வாசகன்:

எல்லாத்தையும் ஒரே கூடைக்குள்ள போடுறியள் எண்டு எனக்குப் படுது. புதியபாதை ஒரு இயக்கத்தின்ர பேப்பர், அதுக்குத் தன்ர கட்சி நியாயம் இருக்கு. கேள்வி கேட்ட தம்பி சொல்லுறது ஊரின்ர வாழ்க்கை முறையை எதிர்த்த பேப்பர். துவக்கு வைச்சிருந்த ஆக்களின்ர பிரசுரத்தையும் சலூன்ல இருந்து வந்த மல்லிகையையும் ஒரே வரிசையில வைச்சால் ஆய்வு குழம்பும்.

ஈயஎழுத்து:

நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா அச்சகத்துக்குள்ள நிண்டு பார்த்தால் அந்தக் கோடு அவ்வளவு நேரா இல்லை. அதே பெட்டியில அதே எழுத்தால ஒரு நாள் கவிதைத் தொகுப்பு, அடுத்த நாள் சாதிக்கு எதிரான துண்டு, அதுக்கடுத்த நாள் இயக்கத்தின்ர அறிக்கை. ஆபத்து மூண்டுக்கும் ஒரே ஆளுக்குத்தான். 1987 ஒக்டோபர் 10 இந்தியன் ஆமி ஈழமுரசு, முரசொலி எண்ட ரெண்டு பேப்பரின்ர அச்சுக்கூடத்தையும் குண்டு வைச்சுத் தகர்த்தது, புலிகளோட யுத்தம் தொடங்கின அண்டைக்கே. மெசினுக்குக் கொள்கை இல்லை, எண்டாலும் முதலில மெசினைத்தான் உடைக்கிறாங்கள்.

கொக்குவில்காரி:

இவ்வளவு நேரமும் ஆம்பிளையளின்ர பேப்பரைத்தான் கதைச்சுக்கொண்டு இருக்கிறியள். சீதனம் எண்டு தம்பி கேள்வியில எழுதினவர், அதுக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை, அதால நான் சொல்லுறன்.

1986இல பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' எண்ட தொகுப்பைக் கொண்டு வந்தது, சித்திரலேகா மௌனகுரு தொகுத்தவ. மெல்லிய புத்தகம், முழுக்கப் பெண்கள் எழுதின கவிதை. சீதனம், கலியாணச் சந்தை, வீட்டுக்குள்ள மூச்சு முட்டுறது, தெருவில ஆமி, எல்லாம் அதுக்குள்ள இருந்தது. எங்கட ஹொஸ்ரலில ஒரு பிரதி கை மாறிக் கை மாறி அட்டை கழண்டு போச்சு, கொப்பியில எழுதி எழுதித்தான் மற்றவைக்குக் குடுத்தனாங்கள். நீங்கள் தேடுற தலைமறைவு வாசிப்பு எண்டால் அது அதுதான் தம்பி, தடை ஒண்டும் இல்லை, எண்டாலும் அம்மாவுக்குத் தெரியாமல் தலையணைக்குக் கீழ வைச்சு வாசிச்சம்.

பிறகு 'தோழி' எண்டொரு பெண்கள் சஞ்சிகை. நடத்தின செல்வி கம்பஸில நாடகம் படிச்சுக்கொண்டிருந்த பிள்ளை. 1991 ஓகஸ்டில புலிகள் கொண்டு போனவை, திரும்பி வரேல்லை. அடுத்த வருசம் அமெரிக்கன் பென் அமைப்பு எழுத்துச் சுதந்திரத்துக்கான பரிசை அவவுக்குக் குடுத்தது, வாங்க அவ இல்லை. அதே 1991 மே மாசம் கவிஞர் சிவரமணி தன்ர கையில இருந்த கவிதையளை எரிச்சிட்டுத் தானும் போயிட்டா, வயசு இருபத்திமூண்டுக்குள்ள. இதை எழுதேக்கை இப்பவும் எனக்குக் கை நடுங்குது.

மனித உரிமைக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின்ர அறிக்கையளையும் சேருங்கோ. ராஜினி திராணகம அதில முன்னுக்கு நிண்டவ. எல்லாப் பக்கமும் செய்த கொலையளை எல்லாப் பக்கத்தின்ர பேரையும் போட்டு எழுதினவை. 1989 செப்ரெம்பர் 21, கம்பஸால சைக்கிளில வீட்டை போகேக்கை திருநெல்வேலியில சுட்டது. தம்பி, உங்கட பேரில இருக்கிற அதே திருநெல்வேலி. நீங்கள் நாளாந்தம் போற வழியா இருக்கும். பிறகு மற்றவை ஒளிஞ்சிருந்துதான் அந்த அறிக்கையளை எழுதிக்கொண்டு வந்தவை, எங்கட ஊரில உண்மையில தலைமறைவாப் போன எழுத்து எண்டால் அதுதான்.

வண்ணை ஆசிரியர்:

பிள்ளை, நன்றி. இதை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் இந்த வரலாறு அரைகுறையாத்தான் நிண்டிருக்கும்.

90க்குப் பிறகு நடந்ததையும் ஒருக்காச் சொல்லிவிடுறன். கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, பேப்பர் உருளை வராது, மண்ணெண்ணெய் தங்க விலை. உதயன் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில, கோடு போட்ட தாளிலயே வந்தது, பிறகு சாமான் சுத்துற மண்ணிறத் தாளில வந்தது. அந்தத் தாளில கறுப்பு மை சரியாத் தெரியாது, வெளிச்சத்துக்குப் பிடிச்சு வாசிப்பம். ஆனா என்ன விசயம் எழுதலாம், என்ன எழுதக்கூடாது எண்டது தாளை விடத் தட்டுப்பாடு. 'திசை' எண்டு 89, 90இல வந்த வாரப்பேப்பர், மு. பொன்னம்பலமும் யேசுராசாவும் நிண்டவை, சற்றர்டே ரிவியூவை நடத்தின அதே கொம்பனி. இலக்கியம், சினிமா, அரசியல் எல்லாம் திறந்த மனசோட எழுதினவை. அது நிண்ட பிறகு அப்பிடி ஒண்டு யாழ்ப்பாணத்தில இருந்து கனகாலம் வரேல்லை.

திருநெல்வேலிப் பெடியன்:

எல்லாருக்கும் மனசார நன்றி. கொக்குவில் அக்கா, அந்த இடத்தால நான் தினமும் போறனான், இவ்வளவு நாளும் தெரியாது. தலைப்பை மாத்திறன். எழுதின ஆக்களை விட்டிட்டு அச்சகத்தில இருந்து தொடங்கப்போறன், ஈயஎழுத்து அண்ணை ஓம் எண்டால் அவரோட இருந்து கதைச்சுப் பதிவு செய்ய விருப்பம். இன்னொரு உதவி, எங்கட அம்மம்மா வீட்டுப் பரணில ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய துண்டுப் பிரசுரமும் சஞ்சிகையும் கிடக்கு, செல் அரிச்சிருக்கு. தொட்டால் உடைஞ்சிடுமோ எண்டு பயமா இருக்கு. என்ன செய்யிறது?

குருநகர் ரொறன்ரோ:

முதலில ஒண்டையும் எறியாதேங்கோ, வெயிலில காயப்போடவும் வேண்டாம். மல்லிகை, அலை, புதுசு, திசை எல்லாம் நூலகம் இணையத்தளத்தில ஸ்கான் பண்ணிக் கிடக்கு, 2005 தொடக்கம் செய்து வருகினம், அதால சஞ்சிகையளை அங்கை இருக்கிறதோட ஒப்பிட்டு இல்லாத இதழைப் பிரிச்செடுங்கோ. துண்டுப் பிரசுரம் ஒவ்வொண்டும் ஒரே பிரதியா இருக்கலாம், அதைத்தான் முதல் பார்க்க வேணும். துருப்பிடிச்ச பின்னை மெல்லக் கழட்டுங்கோ, செலோரேப் ஒட்டவே கூடாது, லமினேற்றும் வேண்டாம். தட்டையா வைச்சு ரெண்டு பக்கமும் போனால படம் எடுங்கோ, அடியில சின்ன எழுத்தில அச்சகப் பேர் இருந்தால் அதை விட்டிடாமல் கிட்டப் பிடிச்சுத் தனியா ஒண்டு எடுங்கோ.

ஈயஎழுத்து:

தம்பி, ஓம், வாங்கோ. பின்னேரங்களில வீட்டிலதான் நிப்பன். பேர் போடாத தாள் கிடந்தால் அதையும் கொண்டு வாங்கோ, எழுத்தைப் பார்த்தால் எந்த அச்சகம் எண்டு என்னால சொல்லேலும் எண்டு நினைக்கிறன், ரவுணுக்க இருந்த கனக்க அச்சகத்தின்ர எழுத்து எனக்கு அத்துப்படி. ஐயாவின்ர ஸ்ரிக்கும் இன்னும் என்னட்ட இருக்கு.